புயலுக்குப் பிறகு ஆளித் திட்டையும் மட்டிப் படுகையையும் மீட்கும் முறை

கழிமுகத்தில் புயலோ பெருவெள்ளமோ புகுந்து போனால் ஊர் முதலில் தேடுவது படகையும் வலையையும் எஞ்சினையும்தான். நிவாரணக் கணக்கும் அவற்றுக்கே. தண்ணீருக்கடியில் சேறு மூடிப்போன ஆளித் திட்டு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அந்தத் திட்டின் இடுக்குகளில்தான் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. கொடுவா அதைச் சுற்றித்தான் இரை தேடுகிறது. இடுப்பளவு நீரில் இறங்கி மட்டி பொறுக்கி விற்கும் பெண்களுக்கு அன்றாடச் செலவு அதிலிருந்துதான் வருகிறது. திட்டு அழிந்தால் அது மெல்ல வலையிலும் தெரியும்.

பத்திருபது பேர் சேர்ந்து, பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய வேலையை இந்த அத்தியாயம் வரிசைப்படி சொல்கிறது. வடகிழக்குப் பருவமழையோடு புயலும் வெள்ளமும் சேர்ந்து வரும் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பழவேற்காடோ, பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகமோ, முத்துப்பேட்டையோ, எந்த ஊரானாலும் வரிசை ஒன்றுதான். மாதங்கள் மட்டும் சற்று முன்பின் ஆகும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். குஞ்சு வாங்கி வந்து விடுவதிலிருந்து வேலையைத் தொடங்காதீர்கள். விழா எடுக்க அது வசதி. ஆனால் ஒட்டிக்கொள்ள இடமில்லாத சேற்றில் விட்ட ஆளிக் குஞ்சு பிழைக்காது. ஆளிக்கு வேண்டியது கெட்டியான ஓடு, போதிய உப்புள்ள நீர், ஒரு வருடமாவது யார் கையும் படாத நிம்மதி. இவை இருந்தால், கழிமுகத்தில் எங்கோ தப்பிக் கிடக்கும் தாய் ஆளிகளின் குஞ்சு நீரோட்டத்தில் தானே வந்து ஒட்டும்.

இறங்கும் முன்: பாதுகாப்பு

வெள்ளம் வடிந்த கழிமுகம் பழகிய இடமாக இருக்காது. நீங்கள் சிறு வயதிலிருந்து நடந்த தடத்திலேயே பள்ளம் விழுந்திருக்கும்.

- தனியாக இறங்கக் கூடாது. இருவர் நீரில் இருந்தால் ஒருவர் கரையில் கயிறோடு நிற்க வேண்டும்.
- முகத்துவாரம் புதிதாக உடைத்துக்கொண்டு ஓடும் நாட்களில் அதன் பக்கமே போகாதீர்கள். மணல் கரை காலடியில் சரியும்.
- கெட்டியான அடிப்பாகமுள்ள ரப்பர் காலணியும் தடித்த கையுறையும் கட்டாயம். தகரம், ஆணி, உடைந்த கல்நார் ஓடு, அறுந்த மின்கம்பி எல்லாம் சேற்றுக்குள் இருக்கும். மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.
- காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலில் பதுங்கியிருக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.
- ஆளி ஓடு கிழித்த காயத்தை லேசாக எண்ணாதீர்கள். இளஞ்சூடான உவர்நீரில் இருக்கும் சில கிருமிகள் அந்தக் கீறல் வழியே புகுந்து ஒரே நாளில் காலை வீங்கவைக்கும். நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் உடனே கழுவி மருந்திடுங்கள். சிவந்து பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.
- சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் கரை வேலையைப் பார்க்கட்டும். மற்றவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதனால் செத்தது என்று கண்டுபிடியுங்கள்

புயலில் ஆளி மூன்று வகையில் சாகிறது. சேறு மூடிப் புதைந்து சாகலாம். அலை பெயர்த்துக் கரையில் எறிந்து சாகலாம். நன்னீர் நின்று சாகலாம். காரணத்துக்குத் தக்கபடி வைத்தியம் மாறும். அதனால் இந்த ஆய்வைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

நன்னீர்ச் சாவைப் பலர் கவனிப்பதில்லை. ஆளி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாங்கும், வாரக்கணக்கில் தாங்காது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கரையில் 2005-ல் கத்ரீனா புயல் ஆளித் திட்டுகளைப் புரட்டிப் போட்டது. பழைய ஓடும் சுண்ணாம்புக் கல்லும் கொட்டி அவற்றை மெல்ல மீட்டு வந்தார்கள். 2019-ல் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தை வடிக்க போனே காரே மதகை இரு தவணையாக மொத்தம் 123 நாள் திறந்துவைத்ததில் அந்தக் கரை முழுக்க நன்னீர் நின்று, மிஞ்சியிருந்த ஆளியில் பெரும்பகுதி மடிந்தது. திட்டு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, உயிர் மட்டும் போய்விட்டது. நம் கழிமுகங்களிலும் முகத்துவாரம் மணலடைத்து வெள்ளம் தேங்கினால் இதேதான் நடக்கும்.

ஆய்வு செய்யும் வரிசை:

1. ஓதம் ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கும்வரை பொறுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறைவு.

2. பழைய திட்டுகளை ஒரு தாளில் வரையுங்கள். இதற்குப் படகுக்காரர்களைவிட மட்டி பொறுக்குபவர்களும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களும்தான் சரியான ஆட்கள். பழவேற்காட்டில் கழுத்தில் பறியைத் தொங்கவிட்டு நீரில் நகர்ந்தபடி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அடித்தரை அங்குலம் அங்குலமாகத் தெரியும். எங்கே கெட்டி, எங்கே உளை என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. அரையங்குல பிவிசி குழாயில் 50 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள சட்டம் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு திட்டிலும் குறைந்தது ஐந்து இடத்தில், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடமாகத் தேர்ந்தெடுக்காமல், நடக்கிற போக்கில் போட்டு அதற்குள் இருப்பதை எண்ணுங்கள்.

4. உயிருள்ளவை எத்தனை, இரண்டு ஓடும் கீலில் ஒட்டியபடி வாய் பிளந்து கிடப்பவை எத்தனை என்று தனித்தனியே எழுதுங்கள். ஒரு சட்டத்தில் 12 உயிரும் 18 பிளந்த ஓடும் இருந்தால் அங்கே 100-க்கு 60 அண்மையில் செத்திருக்கிறது. ஒற்றை ஓடுகள் பழைய சாவு, இந்தக் கணக்கில் சேராது.

5. உப்பை அளங்கள். இறால் பண்ணைக்காரர்களிடம் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும், கேட்டு வாங்கலாம். நன்னீர் மேலே மிதக்கும், உப்புநீர் கீழே நிற்கும். எனவே மேல்நீரை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மூடிய பாட்டிலைக் கழியில் கட்டி அடிக்கு இறக்கி, அங்கே மூடியைச் சுண்டி இழுத்து நீர் பிடியுங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 காட்டும். 15-க்கு மேல் நிலையாக நின்றால் வேலை தொடங்கலாம். 10-க்குக் கீழே நிற்கும்வரை எதையும் நீரில் போடாதீர்கள்.

ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவும் பழகுங்கள். உயிருள்ள ஆளி தட்டினால் கனத்து ஒலிக்கும், ஓட்டின் விளிம்பு உங்கள் விரல் பட்டதும் இன்னும் இறுகும். பிளந்த ஓட்டின் உட்புறம் வழவழப்பாக, அழுக்கின்றி வெளுத்திருந்தால் அது செத்துச் சில வாரமே ஆகிறது. உள்ளே கொட்டலசும் பாசியும் ஏறியிருந்தால் சாவு புயலுக்கு முந்தியது, அதற்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஓடு கருநீலமாகி, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது சேற்றில் புதைந்து மூச்சடைத்துச் செத்தது.

அனுமதி

ஊர் வழக்கத்தில் கழிமுகம் ஊருக்குச் சொந்தம். பழவேற்காட்டில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரே முறை வைத்து நடத்துகிறது. சட்டப்படி அது அரசின் நிலம். கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகளின்படி அலையாத்திக் காடு கடும் பாதுகாப்பில் உள்ள பகுதி. பழவேற்காடு பறவைகள் சரணாலயம். ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரம் உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. இந்த இடங்களில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் ஓடுகூடப் போட முடியாது. மற்ற இடங்களில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், வரைபடமும் எண்ணிக்கைத் தாளும் இணைத்து மனுக் கொடுங்கள். எண்ணிக்கைத் தாள் இருக்கும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

ஆலோசனைக்கு ஆட்கள் தூரத்தில் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் 1970-களிலிருந்து ஆளி வளர்ப்பு ஆய்வு நடந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் உள்ளன.

துப்புரவு

முதலில் வலைக் கழிவு. அறுந்து கிடக்கும் வலை மாதக்கணக்கில் நண்டையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். இழுத்துப் பிடுங்காமல் அறுத்து அறுத்து எடுங்கள், இழுத்தால் மிஞ்சிய திட்டும் பெயர்ந்து வரும். அலையாத்தி மரங்கள் சாய்ந்து கிடந்தால் அவற்றைத் தொடாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடு பெருமளவு முறிந்தது. அப்படிச் சாய்ந்த மரத்தின் வேரிலும் ஆளி ஒட்டி வளரும்.

அடுத்தது, புதைந்த ஓட்டை மேலே கொண்டுவருவது. இந்த ஒரு வேலையால் மட்டும் பாதித் திட்டு திரும்பிய இடங்கள் உண்டு, செலவும் இல்லை. பல் வைத்த இரும்பு வாரியால், நீர் வற்றும் நேரத்தில் மெல்லக் கிளறுங்கள். கிளம்பும் சேற்றை வற்றும் நீரே கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஏறும் நீரில் கிளறினால் அந்தச் சேறு உள்ளே போய் இன்னொரு திட்டின் மேல் படியும். கிளறும் ஆழம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

அலை கரையில் எறிந்த கொத்துகளில் உயிருள்ளவை இருந்தால் அன்றே, நனைத்த சாக்கில் சுற்றி, நிழலில் கொண்டுபோய்ப் பழைய திட்டில் வையுங்கள். அவைதான் உங்கள் தாய் ஆளிகள். ஆளி இளமையில் பெரும்பாலும் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும் உயிரினம். பெரிய ஆளி ஒன்றைக் காப்பாற்றினால் முட்டைக்கு வழி செய்கிறீர்கள்.

குஞ்சு வரும் காலத்தைப் பிடித்தல்

வெறும் ஓட்டைச் சீக்கிரமே நீரில் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டின் மேல் சேறு படிந்து, பாசி பிடித்து, கொட்டலசு ஏறிவிடும். பிறகு வரும் ஆளிக் குஞ்சுக்கு இடமிருக்காது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று வாரம் நீரில் மிதந்துவிட்டுத்தான் ஒட்டும். ஒட்டும் அந்தச் சில வாரங்களுக்குச் சற்று முன்னால் ஓடு சுத்தமாகத் தயாராக இருக்க வேண்டும். காலத்தைச் சோதனைச் சரத்தால் கண்டுபிடிக்கலாம்.

1. காய்ந்த ஆளி ஓடு ஐந்தாறு எடுத்து நடுவில் ஓட்டை போட்டு, 3 மி.மீ. நைலான் கயிற்றில் சாண் இடைவெளியில் கோத்துவிடுங்கள். முடிச்சு போட்டோ குழாய்த் துண்டு கொடுத்தோ இடைவெளியைக் காக்கலாம்.
2. ஓட்டின் வழவழப்பான உட்புறம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்புறம் சேறு தங்கும், அடிப்புறம் தங்காது. குஞ்சு அடியில்தான் ஒட்டும்.
3. திட்டுக்கு அருகே சவுக்குக் கம்பு நட்டு, சரம் எப்போதும் நீருக்குள் இருக்கும்படி கட்டுங்கள். ஒரு கழிமுகத்துக்கு நான்கைந்து இடத்தில் கட்டினால் போதும்.
4. உப்பு 15-ஐத் தாண்டியதிலிருந்து வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தை, மாசியில் தொடங்க வேண்டியிருக்கும். எண்ணிய பிறகு புதுச் சரம் மாற்றுங்கள்.
5. ஒட்டிய குஞ்சு, ஓட்டில் ஒட்டிக் காய்ந்த மிளகாய் விதை அளவுக்குத் தட்டையாக, சாம்பல் நிறத்தில் தெரியும். கொட்டலசுக் குஞ்சு கூம்பாக, மேலே வாயோடு இருக்கும். குழப்பம் இருந்தால் நகத்தால் தடவுங்கள். ஆளி வழுக்கும், கொட்டலசு கீறும்.
6. ஓர் ஓட்டுக்குப் பத்துக்கு மேல் எண்ணிக்கை ஏறத் தொடங்கிய வாரமே ஓடு இடும் வாரம்.

எந்தச் சரத்திலும் எதுவுமே ஒட்டவில்லை என்றால் தாய் ஆளி பற்றவில்லை என்று பொருள். அடுத்த பருவம்வரை பார்த்துவிட்டு, அப்போதும் இல்லை என்றால்தான் பொரிப்பகக் குஞ்சைப் பற்றி ஆராய்ச்சி நிலையத்தாரிடம் பேச வேண்டும்.

ஓடு இடுதல்

ஓடு எங்கே கிடைக்கும்? சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும் ஓட்டை இடையில் நிறுத்தி வாங்குங்கள். நம் கரைகளில் தலைமுறை தலைமுறையாகக் கழிமுக ஓட்டை வாரி எரித்துச் சுண்ணாம்பாக்கியிருக்கிறோம். அது திட்டின் அஸ்திவாரத்தையே விற்ற வேலை. இனி உங்கள் ஊரில் எடுக்கும் ஆளியின் ஓடு ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

வேறு கழிமுகத்திலிருந்து ஓடு வந்தால் ஆறு மாதம் வெயிலில் பரப்பி, அவ்வப்போது புரட்டிக் காயவிட வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை. ஓட்டில் ஒட்டியுள்ள சதைத் துணுக்கிலும் ஈரத்திலும் நோயும் அயல் மட்டியும் சேர்ந்து வரும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென்னமெரிக்க மட்டி இன்று அடித்தரையைக் கம்பளமாக மூடியிருக்கிறது. அதன் அடியில் இறால் புதையவும் முடியாது, நம் மட்டி வளரவும் முடியாது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் அதே மட்டிதான் பரவியது. கறுத்த சிறு மட்டி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கயிறு, கம்பு, படகு எதையும் சுத்தமான கழிமுகத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காலே போதும். நின்று பாருங்கள். கணுக்காலுக்கு மேல் புதைந்தால் அங்கே ஓடும் புதையும், வேறிடம் பாருங்கள். நீர் முற்றும் வற்றி வெயிலில் மணிக்கணக்காகக் காயும் மேடு வேண்டாம், சித்திரை வெயில் இளங்குஞ்சை அவித்துவிடும். தாழ்வற்றத்திலும் ஒரு சாண் நீர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் ஆழம்வரை நல்லது. படகு போகும் தடத்தையும் வெள்ளம் வடியும் வாய்க்காலையும் விட்டுவிடுங்கள்.

1. முதல் ஆண்டு சிறிதாகத் தொடங்குங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர், 10 செ.மீ. கனம் என்றால் 2.5 கன மீட்டர் ஓடு. மணல் லாரிக் கணக்கில் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 10-க்கு 10 மீட்டருக்கு மூன்றரை யூனிட் வேண்டும்.
2. நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். இரவில் வரும் படகுக்குத் தெரிய ஒளி பிரதிபலிக்கும் நாடாவும் ஒட்டுங்கள்.
3. ஏற்ற நீரில் படகில் ஏற்றிப் போய், நின்ற இடத்தில் கொட்டாமல் மண்வெட்டியால் வீசிப் பரப்புங்கள். படகின் கொள்ளளவில் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஓட்டுச் சுமை சரிந்தால் படகு கவிழும்.
4. நீரோட்டத்துக்குக் குறுக்காக, இடைவெளி விட்டு, முழங்கால் உயரத்துக்கும் குறைவான நீள மேடுகளாகப் போடுங்கள். மேட்டின் மேல் சேறு தங்காது, இடைவெளியில் வெள்ளம் போகும்.
5. அடுத்த வற்றத்தில் போய்ப் பாருங்கள். ஓரத்து ஓடு சிதறுகிறது என்றால் தென்னை நார்க் கயிற்றில் பின்னிய பைகளில் ஓட்டை அடைத்து ஓரக் கட்டாக வையுங்கள். நைலான் வலைப் பை மலிவுதான், ஆனால் அது பிய்ந்து கழிமுகத்திலேயே கிடக்கும்.

மூன்று மாதம் கழித்துச் சட்டத்தைப் போட்டு எண்ணுங்கள். அரை அங்குல ஆளி ஓட்டுக்கு இரண்டு மூன்று நின்றால் திட்டு பிடித்துவிட்டது. நத்தை துளைபோட்டுத் தின்ற குஞ்சின் ஓட்டில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளை இருக்கும். அந்த நத்தைகளையும் அவற்றின் முட்டைக் கொத்துகளையும் வற்றத்தில் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

நெருக்கமாகப் போட்டால் நிறையக் கிடைக்கும் என்ற ஆசையை அடக்குங்கள். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ஜப்பானின் மினாமிசன்ரிக்கு ஊரை ஒட்டிய ஷிசுகவா விரிகுடாவில் ஆளி வளர்ப்பு முழுதும் அடித்துச் செல்லப்பட்டது. தோகுரா பகுதி மீனவர்கள் திரும்பத் தொடங்கியபோது, பழைய மிதவைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே போடுவது என்று முடிவெடுத்தார்கள். முன்பு இரண்டு மூன்று ஆண்டு பிடித்த வளர்ச்சி ஒரே ஆண்டில் வந்தது, ஏனென்றால் ஒவ்வோர் ஆளிக்கும் இரை எட்டியது. எல்லாம் போன ஊரில், இருப்பதைக் குறைத்துக்கொள்வோம் என்று பேசி ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! அந்த ஒப்பந்தத்தைத்தான் அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டும்.

மட்டிக்கு வேறு முறை

மட்டி ஒட்டுவதில்லை, மணலில் புதைந்து வாழ்கிறது. அதற்கு ஓடு வேண்டாம், சேறு கலந்த மணல் வேண்டும். முகத்துவாரம் திறந்து ஓதம் வந்துபோனால் படுகை பெரும்பாலும் தானே திரும்பும். ஓரிடத்தில் குஞ்சு நெருக்கமாகக் குவிந்தும் இன்னோர் இடம் வெறுமையாகவும் இருந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள்.

அதிகாலையில் விரல் நக அளவுக் குஞ்சுகளைச் சல்லடையில் அலசி எடுத்து, ஈரச் சாக்கில் நிழலாகக் கொண்டுபோய், நீர் ஏறத் தொடங்கும்போது நெல் தெளிப்பது மாதிரி பரவலாகத் தெளியுங்கள். அரை மணி நேரத்தில் பெரும்பாலானவை புதைந்திருக்க வேண்டும். புதையாமல் கிடந்தால் அந்தத் தரை அவற்றுக்கு ஒவ்வவில்லை, மீண்டும் பொறுக்கிப் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரே கழிமுகத்துக்குள் மட்டும் மாற்றுங்கள்.

மூடி வைத்தல்

வேலையில் பாதி இதுதான், கடினமான பாதியும் இதுதான். ஓடு போடப் பத்துப் பேர் போதும். போட்ட இடத்தில் ஒரு வருடம் கை வைக்காமல் இருக்க ஊர் முழுதும் சம்மதிக்க வேண்டும்.

மூடும் முடிவை நாட்டார் பஞ்சாயத்து மட்டும் எடுத்தால் நிற்காது. மூடினால் அன்றே வருமானம் இழப்பவர்கள் மட்டி பொறுக்கும் பெண்கள், அவர்கள் பஞ்சாயத்தில் உட்காருவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் உண்டு, அதற்கு நிவாரணமும் உண்டு. கழிமுகத்தில் கையால் பொறுக்குபவருக்கு அப்படி ஏதும் இல்லை. அவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்துப் பேசுங்கள். என் யோசனை இவை:

- கழிமுகம் முழுவதையும் மூடாதீர்கள். மூன்று பங்காக்கி, புது ஓடு போட்ட பங்கை மட்டும் மூடுங்கள்.
- ஓடு கோத்தல், எண்ணுதல், காவல் ஆகிய கூலி வேலைகளை முதலில் அந்தப் பெண்களுக்கே கொடுங்கள். திட்டப் பணம் வந்தால் இதற்கு ஒதுக்கிய பிறகே மற்றச் செலவு.
- எல்லையும் நாளும் தண்டமும் ஊர்ப் பலகையில் எழுதிவையுங்கள். பக்கத்து ஊர்களுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள்.

ஒழுங்காக மூடினால் பலன் உண்டு என்பதற்கு அஷ்டமுடி பக்கத்திலேயே சான்றாக இருக்கிறது. அங்கே மட்டிக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தடைக்காலம் வைத்து, வலைக் கண்ணுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்து நடத்தினார்கள். 2014-ல் அந்த மட்டி மீன்பிடிப்புக்கு எம்எஸ்சி என்ற சர்வதேசத் தரச்சான்று கிடைத்தது, இந்தியாவில் அதுவே முதல். பிறகு காக்கா ஆழியும் மற்றச் சீர்கேடுகளும் அங்கே புகுந்ததை வைத்து, தடைக்காலம் மட்டுமே போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

எப்போது சாப்பிடலாம்

ஆளியும் மட்டியும் நீரை வடிகட்டி உண்பவை. நீரில் என்ன இருக்கிறதோ அது அவற்றின் உடம்பில் சேரும். வெள்ளத்தோடு சாக்கடையும் எண்ணெயும் கலந்திருந்தால் ஆய்வக முடிவு வரும்வரை விற்கவும் வேண்டாம், வீட்டில் சமைக்கவும் வேண்டாம். பிறகும் பச்சையாக உண்ணாதீர்கள். சமைக்கும் முன் தட்டியும் மூடாததையும், வெந்த பிறகும் திறக்காததையும் எறிந்துவிடுங்கள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எண்ணெயும் கன உலோகமும் போகாது. நுண்பாசி நஞ்சும் போகாது. 1981-ல் கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் மட்டி தின்ற பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூவர் இறந்தார்கள். வெள்ளத்துக்குப் பின் நீர் சிவந்தோ பச்சையாகவோ நிறம் மாறினால் அந்த வாரங்களில் பொறுக்குவதை நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டவருக்கு உதடும் நாக்கும் மரத்துக் கூசினால் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் தசை செயலிழக்கும் முன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

திறப்பது

நியூசிலாந்தின் கைக்கோரா கரையில் 2016 நவம்பர் 14 நிலநடுக்கத்தில் கடல்தரை சில இடங்களில் ஆறு மீட்டர்வரை மேலெழுந்தது. பாவா என்ற கடல் நத்தை லட்சக்கணக்கில் வெயிலில் கிடந்து செத்தது. ஊரார் எடுத்து நீரில் விட்டதுபோக மிச்சத்தைக் காக்க ஐந்தாண்டு மூடினார்கள். 2021 டிசம்பரில் மூன்று மாதத்துக்குத் திறந்தபோது கூட்டம் அலைமோதி, பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு ஒதுக்கிய அளவைப்போலப் பல மடங்கு எடுத்துவிட்டார்கள். மூடுவதற்குப் போட்ட திட்டத்தைப்போலத் திறப்பதற்கும் திட்டம் வேண்டும்.

1. உள்ளங்கை அகலம், ஏறத்தாழ 8 செ.மீ. வளர்ந்த ஆளியை மட்டும் எடுக்கலாம். நல்ல கழிமுகத்தில் இந்த அளவுக்கு ஓராண்டு ஆகும். அளவு பார்க்க மரத்துண்டில் வெட்டுக் காடி போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள்.
2. கொத்தைக் கடப்பாரையால் பெயர்க்காதீர்கள். உளியால் பெரியதை மட்டும் தட்டி எடுத்து, மீதிக் கொத்தை அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்.
3. முதல் முறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், ஆளுக்கு ஒரு கூடை என்று தொடங்குங்கள்.
4. எடுத்த மறு மாதம் அதே சட்டத்தை அதே இடங்களில் போட்டு எண்ணுங்கள். உயிருள்ளவை பாதிக்குக் கீழ் இறங்கியிருந்தால் அன்றே கம்பில் சிவப்புத் துணியை ஏற்றி மறுபடி மூடுங்கள்.
5. சதை எடுத்த ஓட்டை ஊர்ப் பொதுக் குவியலில், மழைநீர் தேங்காத மேட்டில் பரப்பிக் காயவையுங்கள். அடுத்த சோதனைச் சரத்தில் எண்ணிக்கை ஏறும் வாரத்துக்கு அந்த ஓடு வேண்டும்.